ஏலிக்குச் சொன்னதை எங்களுக்குச் சொல்லாதீர்கள்

போதகர் ஐயாமாருக்கும், உபதேசியார்களுக்கும், கன்வென்ஷன் மேடைகளில் தேவசெய்தி கொடுக்கிற ஊழியர்களுக்கும் அன்பின் ஸ்தோத்திரம்.

“என்னைக் கனம்பண்ணுகிறவர்களை நான் கனம்பண்ணுவேன், என்னை அசட்டைபண்ணுகிறவர்கள் கனஈனப்படுவார்கள்.” 1 சாமுவேல் 2:30. நம் சபைகளில் இந்த வசனத்துக்கென்று ஒரு காலம் இருக்கிறது. ஆலயக் கட்டட வேலை பாதியில் நிற்கும்போது வரும். தசமபாகக் கவர்கள் குறையும்போது வரும். ஞாயிற்றுக்கிழமையும் கூலிவேலைக்குப் போகிறவர்களைக் கண்டித்துப் பேசும்போது வரும். தேவனை அசட்டை பண்ணினால் வீட்டில் ஆசீர்வாதம் தங்காது என்று பிரசங்கம் முடியும். கீழே உட்கார்ந்திருக்கிற விதவைத் தாய் ஒருத்தி, கட்டாமல் விட்ட சங்கக் காணிக்கையை நினைத்துத் தலையைக் குனிந்துகொள்வாள்.

அந்த வசனம் அவளுக்குச் சொல்லப்பட்டதல்ல, ஐயா. சீலோவில், கர்த்தருடைய ஆலயத்தில், ஆசாரியனாகிய ஏலிக்குச் சொல்லப்பட்டது. ஏன் சொல்லப்பட்டது என்பதும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. ஜனங்கள் பலியிட வருவார்கள். இறைச்சி வேகும்போதே ஆசாரியனுடைய வேலைக்காரன் மூன்று கூருள்ள ஆயுதத்தோடு வந்து கொப்பரையிலோ பானையிலோ சட்டியிலோ குத்துவான். கூரில் ஏறினதெல்லாம் ஆசாரியன் வீட்டுக்கு. போகப்போக அதுவும் போதவில்லை. கொழுப்பைத் தகனிப்பதற்கு முன்பே பச்சை இறைச்சியாகக் கேட்டார்கள். முதலில் கொழுப்பு தகனமாகட்டும், பிறகு உமக்கு வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளும் என்று பலியிட வந்தவன் கெஞ்சினால், “இப்பொழுதே கொடு, இல்லாவிட்டால் பலவந்தமாய் எடுத்துக்கொள்ளுவேன்” என்று பதில் வந்தது. கர்த்தருக்குரிய பங்கு கர்த்தருக்குப் போகவேண்டும் என்று கவலைப்பட்டவன் காணிக்கை கொண்டுவந்த ஏழை. கவலைப்படாதவர்கள் பீடத்தண்டை நின்ற ஏலியின் குமாரர். “என்னை அசட்டைபண்ணுகிறவர்கள்” என்பது அவர்களைப் பற்றித்தான்.

இந்த ஒரு வசனத்துக்காக மட்டும் நான் மடல் எழுத உட்காரவில்லை. வேதாகமம் பேசுகிற அசட்டை, இகழ்ச்சி, அவமதிப்பு என்ற பொருளையே நம் பிரசங்கங்கள் தலைகீழாகத் திருப்பிவிட்டன என்பது என் ஆதங்கம். கீழே இருப்பவன் மேலே இருப்பவருக்குக் காட்டுகிற மரியாதைக் குறைவு என்று அதைச் சுருக்கிவிட்டோம். எபிரெய வேதாகமத்தையும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டையும் திறந்து பார்த்தால், அந்தச் சொற்கள் திரும்பத் திரும்ப மேலே உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைத்தான் பார்க்கின்றன.

1 சாமுவேல் 2:30-இல் வருகிற எபிரெய வினை ‘பாஸா’. நாம் இன்றும் ஆலயத்தில் வாசிக்கிற, பவர் ஐயர் காலத்து 1871-ஆம் வருட மொழிபெயர்ப்பின் வழியில் வந்த வேதாகமத்தில் இந்த ஒரே வினை பல உடுப்பில் வருகிறது. ஏசா சேஷ்டபுத்திரபாகத்தை, மூத்த மகனுக்குரிய உரிமையை, “அலட்சியம்பண்ணினான்”. கோலியாத் தாவீதை “அசட்டைபண்ணினான்”. தாவீதின் மனைவி மீகாள் அவனைத் தன் இருதயத்திலே “அவமதித்தாள்”. நொறுங்குண்ட இருதயத்தை நீர் “புறக்கணியீர்” என்று 51-ஆம் சங்கீதம் பாடுகிறது. உபத்திரவப்பட்டவனுடைய உபத்திரவத்தை அவர் “அற்பமாயெண்ணாமலும்” என்கிறது 22-ஆம் சங்கீதம். ஐந்து இடத்திலும் மூலத்தில் பாஸாதான். மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லவில்லை. அந்தந்த இடத்துக்குப் பொருந்துகிற தமிழைத் தேடிப் போட்டிருக்கிறார்கள், நல்ல தமிழ். ஆனால் ஐந்தும் ஒரே இழை என்பது தமிழில் மட்டும் வாசிக்கிற எங்களுக்குத் தெரியாது. எடுத்துச் சொல்லவேண்டியவர்கள் எபிரெயமும் கிரேக்கமும் படிக்க செமினரிக்குப் போய்வந்த நீங்கள்.

அந்த இழையைப் பிடித்துக்கொண்டு போனால் முதலில் தெரிவது, இகழ்ச்சிக்குக் கோபம் தேவையில்லை என்பது. ஆதியாகமம் 25-இன் கடைசி வசனத்தைப் பாருங்கள். ஏசா புசித்தான், குடித்தான், எழுந்தான், போனான், அலட்சியம்பண்ணினான். எபிரெயத்தில் ஐந்து குறுகிய வினைகள், மூச்சு விடாமல் வரிசையாக. அவன் திட்டவில்லை, உதறி எறியவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு போய்விட்டான். இதுதான் பாஸா. பகை எதிராளியைப் பெரியவனாக எண்ணித் தூக்கம் கெடும். இகழ்ச்சி நன்றாகத் தூங்கும்.

இரண்டாவது, அது கண்ணில் தொடங்குகிறது. கோலியாத் சுற்றிப் பார்த்து, கண்டு, அசட்டைபண்ணினான். மீகாள் பலகணி வழியாய்ப் பார்த்து, கண்டு, அவமதித்தாள். ஆகார் தன் நாச்சியாராகிய சாராயை அற்பமாக எண்ணினாள் என்று நாம் வாசிக்கிற இடத்தில், நாச்சியார் அவள் கண்களில் லேசானவளானாள் என்பது மூலத்தின் நடை. அங்கே வினை ‘காலால்’. எடையில்லாமல் இருப்பது அதன் பொருள். இதற்கு நேரெதிர் ‘காவோத்’: மகிமை, கனம், எடை. “உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக” என்ற கட்டளையின் வினையும் அந்தக் குடும்பத்துச் சொல்தான். கனம் என்றால் எடை, கனம் என்றால் மரியாதை என்று நம் தமிழிலும் ஒரே சொல் இரண்டு வேலையும் பார்ப்பதால், சாமுவேல் வசனத்தில் கனமும் கனஈனமும் அப்படியே கச்சிதமாக உட்கார்ந்துவிட்டன. ஒரு மனுஷனைத் தராசில் ஏற்றி, தட்டு அசையவே இல்லை என்று சொல்லிவிடுவதுதான் இகழ்ச்சி. தராசைப் பிடித்தவன் யார் என்பதே கேள்வி.

ஆகாரைச் சொன்னதால் ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அங்கே இகழ்ந்தவள் அடிமைப்பெண். இகழ்ச்சி எப்போதும் மேலிருந்து கீழேதான் வழியும் என்று வேதம் கணக்குப் போடுவதில்லை. ஆனால் அதற்காக அவளை யாரும் வனாந்தரத்தில் கைவிடவுமில்லை. ஓடிப்போன அவளைக் கர்த்தருடைய தூதனானவர் தேடி வருகிறார். “என்னைக் காண்கிற தேவன்” என்று அவள் பேரிடுகிறாள். கண்ணால் வந்த வினைக்குக் கண்ணாலேயே பதில் வந்தது.

இனி, ஏசாயா 53:3. பெரிய வெள்ளிக்கிழமை தவறாமல் வாசிக்கிறோம். “அவர் அசட்டைபண்ணப்பட்டவரும், மனுஷரால் புறக்கணிக்கப்பட்டவரும்…” அந்த ஒரு வசனத்துக்குள் பாஸா இரண்டு முறை வருகிறது. நடுவில், “அவரைவிட்டு, நம்முடைய முகங்களை மறைத்துக்கொண்டோம்” என்கிறது. இதோடு 22-ஆம் சங்கீதத்தின் 24-ஆம் வசனத்தைப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். அவர் உபத்திரவப்பட்டவனுடைய உபத்திரவத்தை அற்பமாயெண்ணவில்லை, அருவருக்கவில்லை, தம்முடைய முகத்தை அவனுக்கு மறைக்கவில்லை. அங்கும் பாஸா, அங்கும் முகம் மறைத்தல், ஆனால் இரண்டுக்கும் முன்னே ‘இல்லை’. மனுஷர் செய்தது எதுவோ அதையே தேவன் செய்யவில்லை என்று அதே சொற்களால் வேதம் சொல்கிறது. இதைப் பிரசங்க பீடத்திலிருந்து ஒரு தடவையாவது கேட்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆசாரியர்களிடம் திரும்புகிறேன். மல்கியா என்றாலே நமக்கு மூன்றாம் அதிகாரம்தான். தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள். முதல் அதிகாரத்தில் ஏன் யாரும் நிற்பதில்லை? “என் நாமத்தை அசட்டைபண்ணுகிற ஆசாரியர்களே” என்று பெயர் சொல்லியே அழைக்கிறார் கர்த்தர். குருடும் முடமும் நோயுமான ஆடுமாடுகளைப் பீடத்தில் ஏற்றினார்கள். அதை உன் அதிபதிக்குக் கொடுத்துப் பார், அவன் உன்மேல் பிரியமாயிருப்பானோ என்று கேட்கிறார். இரண்டாம் அதிகாரத்தில், அவர்கள் வேதத்தைக் கொண்டு பட்சபாதம் பண்ணினபடியால், எல்லா ஜனத்துக்கும் முன்பாக அவர்களையே அற்பராக்கினேன் என்கிறார். அங்கேயும் பாஸா. முகம் பார்த்து வேதம் சொல்வதும் தேவனை அசட்டைபண்ணுவதும் மல்கியாவில் ஒரே குற்றப்பத்திரிகையில் வருகின்றன. மூன்றாம் அதிகாரத்துக்குப் போகிற வழி இந்த இரண்டு அதிகாரங்களின் ஊடேதான்.

பாஸாவுக்கு உறவான ‘பூஸ்’ என்ற சொல் நீதிமொழிகளிலும் சங்கீதத்திலும் நிறைய. “மதிகெட்டவன் பிறனை அவமதிக்கிறான்” (11:12). “பிறனை அவமதிக்கிறவன் பாவஞ்செய்கிறான்” (14:21). “உன் தாய் வயதுசென்றவளாகும்போது அவளை அசட்டைபண்ணாதே” (23:22). பசிக்குத் திருடினவனைக்கூட ஜனங்கள் இகழமாட்டார்கள் என்கிறது 6:30. பிடிபட்டால் அவன் ஏழத்தனையாய்க் கொடுத்துத் தீர்க்கவேண்டும் என்று அடுத்த வசனத்திலேயே வருகிறது. தண்டனை உண்டு, இகழ்ச்சி இல்லை. குற்றத்துக்குத் தண்டனை கொடுப்பதும் ஆளை ஒன்றுமில்லாதவனாக்குவதும் வேறு வேறு என்பதை இவ்வளவு சுருக்கமாக நான் வேறெங்கும் வாசித்ததில்லை. 123-ஆம் சங்கீதம் மறுபக்கத்திலிருந்து, இகழப்படுகிறவர்களின் வாயிலிருந்து வருகிறது. சுகஜீவிகளுடைய நிந்தனையினாலும் அகங்காரிகளுடைய இகழ்ச்சியினாலும் எங்கள் ஆத்துமா மிகவும் நிறைந்திருக்கிறது. வயிறு நிறைகிறதற்குச் சொல்கிற வினையை எடுத்து இகழ்ச்சிக்கு வைத்திருக்கிறது அந்தப் பாட்டு. எங்கள் தெருவில் இதைப் படிக்கிறவர்களுக்கு விளக்கவுரை வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். மூலபாஷையில் இதற்கு அர்த்தம் இப்படி என்று போனைத் திறந்து ஒரு வேர்ச்சொல்லைக் காட்டி அதன்மேல் ஒரு மணி நேரம் கட்டுகிற வழக்கம் பெருகிவிட்டது. எசேக்கியேலின் தகப்பன் பெயர் பூசி. அதில் பூஸ் ஒலிக்கிறது என்பதற்காக அந்தக் குடும்பம் இகழப்பட்ட குடும்பம் என்று பிரசங்கித்துவிடக்கூடாது. வினை நிற்கிற வசனத்தையும், பேசுகிறவனையும், கேட்கிறவனையும் பார்த்த பிறகே சொல் எதையாவது சொல்லும். சாமுவேல் வசனத்துக்கு நேர்ந்ததே அதுதான். சொல்லைப் பிடித்துக்கொண்டு கேட்கிறவனை விட்டுவிட்டோம்.

கிரேக்கத்துக்கு வருகிறேன். யூதர்கள் தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது, நான் சொன்ன பாஸா இடங்கள் பலவற்றுக்கு ஒரு சொல்லைப் போட்டார்கள். அதற்குள் ‘ஒன்றுமில்லை’ என்ற சொல் புதைந்திருக்கிறது. ‘எக்ஸூதெனேயோ’: ஒருவனை ஒன்றுமில்லாதவனாக்குவது. இந்தச் சொல்லைத்தான் லூக்கா 18:9-இல் கையாள்கிறார். “தங்களை நீதிமான்களென்று நம்பி, மற்றவர்களை அற்பமாயெண்ணின சிலரைக்குறித்து” இயேசு சொன்ன உவமை. பக்திக்குப் பேர்போன பரிசேயனும், வரி வசூலிக்கிற ஆயக்காரனும். இந்த ஒன்பதாம் வசனத்தை விட்டுவிட்டு பத்தாம் வசனத்திலிருந்து பிரசங்கம் தொடங்குகிறவர்கள் அதிகம். அதனால் அது தாழ்மையாக ஜெபிப்பது எப்படி என்ற பாடமாக முடிந்துபோகிறது. பரிசேயன் ஆயக்காரனை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவன் செய்தது ஸ்தோத்திர ஜெபம். இந்த ஆயக்காரனைப்போல இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்றான். இகழ்ச்சி நன்றிப்பலியின் உடுப்பில் ஆலயத்துக்குள் வந்து நின்றது. வாரத்தில் இரண்டுதரம் உபவாசம், சம்பாத்தியத்தில் தசமபாகம் எல்லாம் சரியாகக் கட்டியிருந்தான் என்பதையும் கவனியுங்கள். தசமபாகம் கட்டினவனைக் குறித்துத்தான் அந்தக் கதை.

அதே சொல்லை பவுல் ரோமர் 14-இல் மிகக் கவனமாக வைக்கிறார். எந்தப் பதார்த்தத்தையும் புசிக்கிறவன் அப்படிப் புசியாதவனை அற்பமாயெண்ணக்கூடாது. புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே பாவத்தைச் சுமத்தவில்லை. பலவீனனுக்குத் தீர்ப்புச் சொல்கிற சோதனை. பலவானுக்கு, எனக்கு எல்லாம் தெரியும் என்கிறவனுக்கு, இகழ்கிற சோதனை. படித்தவர்களும் விசுவாசத்தில் தேறினவர்களும் தங்களுக்குரியது எது என்று இந்த வசனத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். இயேசுவுக்கும் இந்தச் சொல்தான் நேர்ந்தது. ஏரோது தன் போர்ச்சேவகரோடு அவரை ஒன்றுமில்லாதவராக்கி, மினுக்கான வஸ்திரம் உடுத்தி அனுப்பினான். வீடுகட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல் என்ற சங்கீத வரியை ஆலோசனைச் சங்கத்தின் முன் பேதுரு எடுத்துச் சொன்னபோது, அப்போஸ்தலர் 4:11-இல் ‘தள்ளின’ என்ற இடத்தில் இந்தச் சொல்தான் வருகிறது. கட்டுகிறவர்களாகிய உங்களால் அற்பமாய் எண்ணப்பட்ட அவரே என்று, தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தே சொன்னான்.

இன்னொரு கிரேக்கச் சொல் ‘கட்டஃப்ரொனேயோ’. கீழாக நினைப்பது. இந்தச் சிறியரில் ஒருவனையும் அற்பமாய் எண்ணாதபடிக்கு எச்சரிக்கையாயிருங்கள் என்று மத்தேயு 18:10-இல் வருவது இதுதான். அதற்கு இயேசு சொல்கிற காரணம், அவர்களுக்குரிய தூதர்கள் பிதாவின் சமுகத்தை எப்போதும் தரிசிக்கிறார்கள் என்பது. சமுகம் என்றால் முகம். முகத்தை மறைத்துக்கொள்வதும் மறைக்காமலிருப்பதும் என்று ஏசாயாவிலும் சங்கீதத்திலும் பார்த்த அதே வழக்கு இங்கேயும் தொடர்கிறது.

கொரிந்து சபைக்கு பவுல் இதே வினையை எழுதினார். “தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?” திருவிருந்தில் ஒருவன் பசியாயிருக்க ஒருவன் வெறிகொண்டிருந்தான். அவர்கள் ஆராதனைக்கு வராமலிருக்கவில்லை, காணிக்கை கொடுக்காமலிருக்கவில்லை. முதலில் வந்து உட்கார்ந்து, இருப்பதைச் சாப்பிட்டு முடித்தார்கள். சபையை அசட்டைபண்ணுவது என்றால் என்னவென்று பவுல் காட்டுகிற உதாரணம் அது ஒன்றுதான்.

நம் ஊர் அசனப் பண்டிகையை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரே அரிசி கொடுத்து, ஒரே கொப்பரையில் பொங்கி, ஒரே பந்தியில் உட்காருவதற்கென்று நம் முன்னோர் வைத்த விருந்து. நான் பார்த்த ஒரு சபையில் பந்தலுக்குள் ஜனங்கள் தரையில் வரிசையாக இருந்தார்கள். வேதக்கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில், பேன் போட்டு, மேஜைமேல் இலை விரித்து, ஐயருக்கும் கமிட்டிக்காரர்களுக்கும் வெளியூரிலிருந்து வந்த பெரிய காணிக்கைக்காரர்களுக்கும் தனியாகப் பரிமாறினார்கள். கறி முதலில் அங்கே போனது. கடைசிப் பந்திக்குச் சாம்பார்தான் மிஞ்சியது. காலையிலிருந்து அடுப்படியில் வெந்த பெண்களும் தெற்குத் தெருக்காரர்களும் அந்தப் பந்தியில் இருந்தார்கள். பிறகு மைக்கில் கொடையாளர் பட்டியல் வாசித்தார்கள். ஆயிரங்களுக்கு முழுப்பெயர், பட்டம், தகப்பன் பெயர். அதற்குக் கீழே கொடுத்தவர்களுக்கு ‘மற்றும் பலர்’. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு பாட்டி தன் பெயர் வரும் என்று கையை நிறுத்திக் கேட்டுக்கொண்டே இருந்தார். யாரும் யாரையும் திட்டவில்லை. எல்லாம் ஜெபத்தோடு முடிந்தது.

தெற்குத் தெரு என்று நான் சொன்னது என்னவென்று உங்களுக்குத் தெரியும். திருவிருந்திலும் உட்காருகிற இடத்திலும் சாதி பார்ப்பதை உடனே, முற்றாக, என்றைக்குமாக விட்டுவிடவேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். அதை ஏற்கமாட்டோம் என்று தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் சபையை விட்டுப் போனவர்கள் உண்டு. ஏறக்குறைய இரு நூற்றாண்டு ஆகிவிட்டது. கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர் வைத்துப் பிரித்த ஊர்கள் இன்னும் இருக்கின்றன. பெண் எடுக்கிற, பெண் கொடுக்கிற நேரத்தில் ஞானஸ்நானம் எவ்வளவு தூரம் வரும் என்பதும் நமக்குத் தெரியும். யாக்கோபு 2-இல் பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும், கந்தை கட்டினவனுக்கு “இங்கே என் பாதபடியண்டையிலே உட்காரு” என்பதும் சொல்லி முடித்து, “நீங்களோ தரித்திரரைக் கனவீனம்பண்ணுகிறீர்கள்” என்கிறார். கனத்தை எடுத்துவிடுவது. அசட்டையைப் பற்றிப் பிரசங்கிக்க விரும்புகிறவர்களுக்கு நம் மண்ணில் இதைவிடப் பெரிய பொருள் எது?

பக்திக் குறைவைக் கண்டிக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேவனுடைய தயவின் ஐசுவரியத்தை அசட்டைபண்ணுகிறாயோ என்று ரோமர் 2:4 கேட்கிறது. அந்தக் கேள்வி எல்லாருக்கும் பொது. ஆனால் அங்கேயும் “மற்றவர்களைக் குற்றவாளிகளாகத் தீர்க்கிறவனே” என்று அழைத்த பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது.

எபிரெயர் 12:2-ஐயும் சொல்லிவிடுகிறேன். “அவமானத்தை எண்ணாமல், சிலுவையைச் சகித்து” என்ற இடத்தில் எண்ணாமல் என்பது கட்டஃப்ரொனேயோ. அடிமைகளுக்கும், சமூகத்தில் கீழே இருந்தவர்களுக்கும் ரோமர் வைத்திருந்த சாவைச் சாகும்போது, அவர் தம்மை இகழ்ந்தவர்களை இகழவில்லை. அந்த அவமானத்தைத்தான் துச்சமாக நினைத்தார். கழுவுகிற பாத்திரத்தோடு நிறுத்திக் கேட்ட பாட்டிக்கு இதை யாராவது போய்ச் சொன்னால் நன்றாயிருக்கும்.

என் கோரிக்கைகள் இவை. 1 சாமுவேல் 2:30-ஐ எடுத்தால் 12-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள், மூன்று கூர் ஆயுதத்தையும் விடாமல். மல்கியா 3-ஐ எடுக்கிற வருஷத்தில் முதல் இரண்டு அதிகாரங்களையும் எடுங்கள். லூக்கா 18-ஐ ஒன்பதாம் வசனத்தில் தொடங்குங்கள். அசனத்தில் அந்தப் பின்னறையைப் பூட்டிவிட்டு, நீங்கள் கடைசிப் பந்தியில் எங்களோடு உட்காருங்கள். பட்டியல் வாசிப்பதானால் எல்லாப் பெயரையும் வாசியுங்கள், இல்லையென்றால் ஒரு பெயரையும் வாசிக்காதீர்கள். கல்லறைச் சுவர் இருக்கிற சேகரங்களில் ஊழியம் செய்கிறவர்கள் அதைக் குறித்து அந்த ஊர் ஆலயத்திலேயே, அந்த ஊர் கமிட்டிக்காரர்கள் முன்பெஞ்சில் இருக்கும்போதே பேசுங்கள். பேசினால் இடமாற்றம் வரும் என்று எங்களுக்கும் தெரியும். அப்படி வந்தால் பேராயர் அலுவலகத்துக்கு வந்து உங்களுக்காக நிற்க எங்களில் ஆட்கள் உண்டு.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் பிரசங்கத்தை ஞாயிறுதோறும் கேட்கிற சபையார் ஒருவன்